திறனாளர் குடியேற்றம்: பெருகும் புத்தாக்கமும் பகிரப்படாத பயனும்

உயர்கல்வி பெற்ற பொறியாளர்களும் மருத்துவர்களும் அறிவியலாளர்களும் தாம் பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்குச் சென்று அங்கே தொழில் புரிந்து வாழ்வதைப் பொருளியலாளர்கள் திறனாளர் குடியேற்றம் என்று அழைக்கின்றனர். இத்தகையோரை ஏற்கும் நாடுகளில் இரண்டு கேள்விகள் பல ஆண்டுகளாக ஓயாமல் எழுந்து வருகின்றன. வெளியிலிருந்து வருவோரால் புதிய கண்டுபிடிப்புகளும் புதிய தொழில்களும் உண்மையிலேயே பெருகுகின்றனவா என்பது முதல் கேள்வி. அப்படிப் பெருகும் செல்வம் எல்லாத் தொழிலாளருக்கும் போய்ச் சேர்கிறதா, அல்லது ஏற்கெனவே மேல்நிலையில் இருப்போரின் வருவாயை உயர்த்தி ஊதிய இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறதா என்பது இரண்டாவது கேள்வி. அரசியல் மேடைகளில் ஒரு தரப்பார் முதல் கேள்வியை மட்டும் பேசுகின்றனர். மறுதரப்பார் இரண்டாவதை மட்டும் பேசுகின்றனர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், திறனாளர்களின் வருகையைக் காட்டிலும் அவர்களை எந்த விதிகளின்கீழ் ஒரு நாடு அழைத்துக்கொள்கிறது என்பதே பயனின் பங்கீட்டைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்ற உண்மை புலப்படும். இதனை ஆராய்வதற்கு மிக நீண்ட அனுபவமும் மிகுதியான சான்றுகளும் உள்ள நாடு அமெரிக்கா. அந்நாட்டின் தொழில்நுட்ப விசாக்களில் பெரும்பகுதியைப் பெறுவோர் இந்தியர்களாக இருப்பதால், இப்பொருள் தமிழ் வாசகர்களின் குடும்பங்களையும் நேரடியாகத் தொடுகிறது.

சட்டம் திறந்த வாசல்

1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், எந்த நாட்டில் பிறந்தவர் என்பதைக் கொண்டே ஒருவரை அனுமதிப்பதா மறுப்பதா என்று முடிவு செய்தது. வடமேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மிகுதியான இடங்களை ஒதுக்கிய அச்சட்டம், ஆசியர்களுக்கு ஏறத்தாழ முழுமையாகவே கதவை அடைத்தது. 1946இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. குடிமை உரிமைப் போராட்டங்கள் வலுப்பெற்றிருந்த காலத்தில், 1965 அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட புதிய சட்டம் பிறந்த நாட்டு ஒதுக்கீட்டை நீக்கி, குடும்ப உறவுக்கும் தொழில் திறனுக்கும் முன்னுரிமை அளித்தது. 1970இல் அமெரிக்க மக்கள்தொகையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வெளிநாட்டில் பிறந்தோரின் பங்கு இன்று 14 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருப்பதற்கு அச்சட்டமே தொடக்கம்.

1990ஆம் ஆண்டின் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. குறைந்தது இளநிலைப் பட்டமும் சிறப்புத் துறை அறிவும் தேவைப்படும் வேலைகளுக்கு வெளிநாட்டினரைத் தற்காலிகமாக அமர்த்திக்கொள்ள உதவும் ஹெச்1பி விசா அச்சட்டத்தின் வழியே இன்றைய வடிவத்தைப் பெற்றது. மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டு, பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படும் இந்த விசாவுக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கணினித் துறை பெருவேகத்தில் வளர்ந்த காலத்தில் அவ்வரம்பு முதலில் 1,15,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்த்தப்பட்டுப் பின்னர் 2004இல் மீண்டும் 65,000க்குத் திரும்பியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டமோ அதற்கு மேற்பட்ட பட்டமோ பெற்றவர்களுக்கென 20,000 இடங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் வரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. சட்டத்தின் இந்த ஏற்ற இறக்கங்கள், விசா கூடிய ஆண்டுகளையும் குறைந்த ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை ஆய்வாளர்களுக்கு அளித்தன.

புத்தாக்கம் பெருகும் முறை

புதிய பொருள்களையும் புதிய செய்முறைகளையும் உருவாக்கி அவற்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதே புத்தாக்கம். அதனை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை வழங்கும் காப்புரிமைகளின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் அளவுகோலாகக் கொள்கின்றனர். ஜெனிஃபர் ஹன்ட் என்பவரும் மார்ஜொலேன் கோத்தியே-லுவாசெல் என்பவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரிப் பட்டம் பெற்ற குடியேறிகள் உள்நாட்டுப் பட்டதாரிகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வீதத்தில் காப்புரிமை பெறுகின்றனர் என்று காட்டியது. பிறவியிலேயே கூடுதல் அறிவு இருப்பதாக இதற்குப் பொருளில்லை. குடியேறுவோரில் அறிவியலும் பொறியியலும் படித்தவர்களின் பங்கு மிகுதி என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்று அவர்களே விளக்கினர்.

1990 முதல் 2016 வரையிலான காலத்தை ஆராய்ந்த ஷை பெர்ன்ஸ்டைன், ரெபெக்கா டைமண்ட் முதலானோரின் ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர்களில் 16 விழுக்காட்டினராக இருக்கும் குடியேறிகள் மொத்தக் காப்புரிமைகளில் 23 விழுக்காட்டை உருவாக்கினர் என்று அது கணித்தது. இளம் வயதில் எதிர்பாராமல் இறந்த கண்டுபிடிப்பாளர்களின் உடன் பணியாளர்களை அவ்வாய்வு பின்தொடர்ந்தபோது, இறந்தவர் குடியேறியாக இருந்த இடங்களில் எஞ்சியோரின் கண்டுபிடிப்புத் திறன் கூடுதலாக வீழ்ந்தது தெரியவந்தது. அதாவது குடியேறி ஒருவரின் பங்களிப்பு அவருடைய பெயரில் பதிவான காப்புரிமைகளோடு முடிந்துவிடுவதில்லை. அவரோடு சேர்ந்து உழைக்கும் உள்நாட்டவரின் ஆக்கத்தையும் அது வளர்க்கிறது. இந்த மறைமுகப் பயனையும் சேர்த்தால் அமெரிக்கப் புத்தாக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடியேறிகளின் பங்களிப்பு என்பது அவர்களின் மதிப்பீடு.

வரலாறும் இதற்குச் சான்றளிக்கிறது. 1933இல் ஹிட்லரின் அரசு யூதர்களை அரசுப் பணிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் நீக்கியபோது, வேதியியல் அறிஞர்கள் பலர் அமெரிக்காவில் புகலிடம் பெற்றனர். அவர்கள் எந்தெந்த நுண்துறைகளில் பணிபுரிந்தனரோ அந்தத் துறைகளில் அமெரிக்கர்கள் பெற்ற காப்புரிமைகள் 1933க்குப் பிறகு 31 விழுக்காடு உயர்ந்தன என்று பெட்ரா மோசர், அலெசாந்திரா வோயெனா, ஃபேபியன் வால்டிங்கர் ஆகியோர் நிறுவினர். ஏற்கெனவே அத்துறைகளில் இருந்தவர்கள் திடீரெனத் திறம் பெற்றதைவிட, புதிய ஆராய்ச்சியாளர்கள் அத்துறைகளை நாடி வந்ததே அந்த உயர்வுக்கு முதன்மைக் காரணமாக அமைந்தது.

ஹங்கேரியில் பிறந்து 1985இல் கணவரோடும் மகளோடும் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்த கேத்தலின் கரிக்கோ, பல ஆண்டுகள் நிதியுதவி மறுக்கப்பட்ட நிலையிலும் தூது ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியைக் கைவிடாமல் தொடர்ந்தார். அமெரிக்கரான ட்ரூ வைஸ்மேனுடன் சேர்ந்து அவர் செய்த கண்டுபிடிப்பு கொரோனா தடுப்பூசிகளுக்கு அடிப்படையாக அமைந்து, 2023ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இருவருக்கும் பெற்றுத் தந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1999இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, உயிரணுக்களில் புரதம் உருவாகும் இடமான ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமிட்டதாகக் கருதப்படும் 2017ஆம் ஆண்டின் கூகுள் ஆய்வுக் கட்டுரையை எழுதிய எட்டுப் பேரில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஒரு கருவியை ஒருவர் பயன்படுத்தும்போது அதை மற்றவர் பயன்படுத்த முடியாது. ஆனால் ஓர் அறிவியல் கருத்தைக் கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் அது தேய்வதில்லை. 2018இல் பொருளியல் நோபல் பெற்ற பால் ரோமர் வலியுறுத்திய இந்த இயல்பே, சில ஆயிரம் திறனாளர்களின் உழைப்பு ஒரு நாட்டின் வளர்ச்சியையே உயர்த்துவதற்குக் காரணம்.

மறுதரப்புச் சான்றுகள்

எனினும் எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் அங்கிருந்த கணித மேதைகள் பலர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வந்தனர். சோவியத் கணிதத்தோடு மிகுதியும் ஒத்த துறைகளில் இருந்த அமெரிக்கக் கணிதவியலாளர்களின் வெளியீடுகள் அதன்பின் குறைந்தன என்றும், அவர்களுள் சிலர் தரம் குறைந்த நிறுவனங்களுக்குத் தள்ளப்பட்டனர் என்றும் ஜார்ஜ் போர்ஹாஸ், கிர்க் டோரன் ஆகியோர் 2012இல் காட்டினர். போர்ஹாஸ் தாமே கியூபாவிலிருந்து குடியேறியவர் என்பது இங்கே நினைவுகொள்ளத் தக்கது. பல்கலைக்கழகப் பணியிடங்களும் ஆய்விதழ்ப் பக்கங்களும் எண்ணிக்கையில் நிலையானவை என்பதால், புதியவர் ஒருவர் இடம்பெற வேண்டுமானால் வேறொருவர் இடம்விட வேண்டியிருந்தது.

விண்ணப்பங்கள் உச்சவரம்பைத் தாண்டிய ஆண்டுகளில் ஹெச்1பி விசா நெடுங்காலம் சமவாய்ப்புக் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டு வந்தது. குலுக்கலில் வென்ற நிறுவனத்துக்கும் தோற்ற நிறுவனத்துக்கும் இடையே அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு அடிப்படை வேறுபாடு இருக்கவில்லை என்பதால், அது ஆய்வாளர்களுக்கு ஓர் இயற்கைச் சோதனையாக அமைந்தது. 2006, 2007 நிதியாண்டுகளின் குலுக்கலை ஆராய்ந்த டோரன், கெல்பர், ஐசன் ஆகியோர், விசா வென்ற நிறுவனங்களில் காப்புரிமைகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றும், வெளிநாட்டவரை அமர்த்தியதால் பிற பணியாளர்களின் இடங்கள் குறைந்தன என்றும் கண்டனர். அந்நிறுவனங்களில் சராசரி ஊதியம் குறைந்து இலாபம் கூடியதற்கான சில தடயங்களையும் அவர்கள் சுட்டினர். மாறாக, புதிதாகத் தொடங்கப்பட்ட சிறு நிறுவனங்களின் குலுக்கல் முடிவுகளை ஆராய்ந்த வேறொரு குழுவினர், விசா கிடைத்த நிறுவனங்களுக்கு முதலீடும் காப்புரிமைகளும் கூடுதலாகக் கிடைத்தன என்று கண்டனர். விசா உயர்வும் தாழ்வும் நகரங்களில் ஏற்படுத்திய விளைவை ஆராய்ந்த வில்லியம் கெர், வில்லியம் லிங்கன் ஆகியோர், வரம்பு உயர்ந்தபோது இந்திய, சீனப் பெயர்கொண்ட கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமைகள் பெருகின என்றும், அதனால் உள்நாட்டவரின் கண்டுபிடிப்புகள் குறையவில்லை என்றும் 2010இல் எழுதினர்.

இம்முடிவுகள் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. புதிய இடங்களையும் புதிய நிறுவனங்களையும் உருவாக்கும் சூழலில் வரும் திறனாளர் பிறருக்கும் வாய்ப்பைப் பெருக்குகிறார். எண்ணிக்கை மாறாத இடங்களுக்கு அழைக்கப்படுவோரும், மலிவான மாற்றாக அமர்த்தப்படுவோரும் பிறரை இடம்பெயரச் செய்கின்றனர். ஆகவே எத்தனை பேர் வருகின்றனர் என்பதோடு, எந்தப் பணிக்கு, எந்த நிறுவனத்துக்கு வருகின்றனர் என்பதும் முக்கியமாகிறது.

ஊதியத்தின் மீது செயல்படும் எதிரெதிர் விசைகள்

ஊதிய ஏற்றத்தாழ்வு என்பது கூடுதலாகச் சம்பாதிப்போருக்கும் குறைவாகச் சம்பாதிப்போருக்கும் இடையிலான வருவாய் இடைவெளி. அதன் ஒரு முக்கியக் கூறு, கல்லூரிப் பட்டம் பெற்றவர் பள்ளிப் படிப்போடு நின்றவரைவிட எவ்வளவு கூடுதலாகப் பெறுகிறார் என்பதாகும். இதனைத் திறன் மிகையூதியம் எனலாம். தொழில்நுட்பம் பட்டதாரிகளுக்கான தேவையை இடையறாது உயர்த்திக்கொண்டே போக, கல்வி அவர்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான ஓட்டப்பந்தயத்தில் எது முந்துகிறதோ அதைப் பொறுத்தே திறன் மிகையூதியம் ஏறும் அல்லது இறங்கும் என்று டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் விளக்கினார். இதே கருத்தைக் கொண்டு அமெரிக்காவின் நூறாண்டு வரலாற்றை ஆராய்ந்த கிளாடியா கோல்டின், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோர், 1980க்குப் பிறகு பட்டதாரிகளின் பெருக்கம் மந்தமடைந்ததே ஏற்றத்தாழ்வு கூடியதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று என்று 2008இல் எழுதினர்.

இந்த ஓட்டப்பந்தயத்தில் திறனாளர் குடியேற்றம் இரு பக்கங்களிலும் பங்கேற்கிறது. படித்தவர்களின் எண்ணிக்கை கூடுவதால் அவர்களுக்குள் போட்டி பெருகி, அவர்களின் மிகையூதியம் குறையவேண்டும். அந்த அளவில் குடியேற்றம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் விசையாகும். ஆனால் அதே திறனாளர்கள் உருவாக்கும் புதிய தொழில்நுட்பங்கள் மேலும் படித்தவர்களையே வேண்டுகின்றன. வழக்கமான எழுத்தர் வேலைகளையும் ஆலை வேலைகளையும் கணினி எடுத்துக்கொள்ளச் செய்கின்றன. திறனாளர்கள் மிகுதியாக உள்ள சமூகத்தில் அவர்களுக்கு ஏற்ற தொழில்நுட்பங்களை உருவாக்குவதே இலாபகரமானதாகி, முதலீடும் ஆராய்ச்சியும் அத்திசையில் பாய்கின்றன என்பது துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் டேரன் ஆஸெமோக்லு முன்வைத்த கோட்பாடு. 2024இல் பொருளியல் நோபல் பெற்ற அவரின் இந்த வாதத்தின்படி, படித்தவர்களின் பெருக்கம் நீண்ட காலத்தில் படித்தவர்களின் ஊதியத்தையே உயர்த்தக்கூடும்.

எந்த விசை எவ்வளவு வலிமையானது என்பதை அளவீடுகள்தான் காட்ட வேண்டும். 1990 முதல் 2010 வரை 219 அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த ஜொவான்னி பெரி, கெவின் ஷி, சாட் ஸ்பார்பர் ஆகியோர், அறிவியல் தொழில்நுட்பத் துறைகளில் வெளிநாட்டினர் கூடிய நகரங்களில் உள்நாட்டுப் பட்டதாரிகளின் ஊதியம் கணிசமாக உயர்ந்தது என்றும், பட்டம் பெறாதவர்களின் ஊதியமும் உயர்ந்தது என்றும் கண்டனர். ஆனால் முதல் பிரிவினரின் உயர்வு இரண்டாம் பிரிவினருடையதைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எல்லோரும் மேலேறினர், ஆயினும் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான தூரம் கூடியது. மறுபுறம், ஜான் பவுண்ட், கௌரவ் கன்னா, நிக்கோலஸ் மொராலஸ் ஆகியோர் 1990களின் கணினித் துறையை ஆராய்ந்தபோது, வெளிநாட்டினரின் வருகை கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் 2001இல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர்களின் ஊதியம் 2.6 முதல் 5.1 விழுக்காடு வரை கூடுதலாக இருந்திருக்கும் என்று கணித்தனர். இழப்பு கணினித் துறையின் உள்நாட்டுப் பணியாளர்களுக்கு. பயன் மென்பொருளைக் குறைந்த விலையில் பெற்ற நுகர்வோருக்கும், கணினியைப் பயன்படுத்திய பிற துறையினருக்கும், பெரும் இலாபம் ஈட்டிய நிறுவனங்களுக்கும்.

குடியேற்றம் முழுவதையும், குறைந்த கல்வியுடையோரின் வருகை உட்பட, கணக்கில் கொண்ட டேவிட் கார்ட், 1980 முதல் 2000 வரை அமெரிக்காவில் கூடிய ஊதிய ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு மட்டுமே குடியேற்றம் பொறுப்பு என்று 2009இல் மதிப்பிட்டார். தொழிற்சங்கங்களின் தளர்ச்சி, பணவீக்கத்துக்கு ஈடாக உயர்த்தப்படாத குறைந்தபட்ச ஊதியம், தானியங்கி இயந்திரங்கள், உலக வணிகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் குடியேற்றத்தின் பங்கு சிறியது. ஏற்றத்தாழ்வின் முழுப் பழியையும் வெளியூரிலிருந்து வந்தவர் மீது சுமத்துவது சான்றுகளுக்கு ஒவ்வாதது.

இடம் சார்ந்த ஏற்றத்தாழ்வையும் இங்கே கருத வேண்டும். 1980 முதல் 1998 வரை சிலிக்கன் பள்ளத்தாக்கில் தொடங்கப்பட்ட தொழில்நுட்ப நிறுவனங்களில் 24 விழுக்காட்டைச் சீன, இந்தியப் பொறியாளர்கள் நடத்தினர் என்று அன்னாலீ சாக்ஸெனியன் 1999இல் கணக்கிட்டார். திறனாளர்கள் சில நகரங்களிலேயே குவிவதால் அந்நகரங்கள் செழிக்கின்றன. உயர்தொழில்நுட்ப வேலை ஒன்று உருவானால் அந்நகரத்தில் காலப்போக்கில் ஆசிரியர், செவிலியர், தச்சர், உணவகப் பணியாளர் என ஐந்து பிற வேலைகள் உருவாகின்றன என்று என்ரிக்கோ மொரெட்டி மதிப்பிட்டார். ஆனால் புதிய வீடுகள் கட்டப்படாத இடங்களில் வீட்டு வாடகை ஏறி, அந்தச் செவிலியரும் தச்சரும் பெறும் ஊதிய உயர்வை விழுங்கிவிடுகிறது. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவில் மருத்துவம் பார்ப்போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர். மருத்துவர்கள் தட்டுப்பாடுள்ள பகுதிகளில் மூன்றாண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டால் நாடு திரும்பவேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்கு அளிக்கும் திட்டம் 1990களிலிருந்து நடைமுறையில் உள்ளது. பயன் யாருக்குச் சேரவேண்டும் என்பதை விதியே முன்கூட்டிக் குறித்துவிட்டதால், ஏழை ஊர்ப்புறங்களுக்கும் திறனாளர் குடியேற்றத்தின் நன்மை கிடைத்தது.

விசா விதியும் பேரம் பேசும் வலிமையும்

ஹெச்1பி விசாவுக்கு விண்ணப்பிப்பது பணியாளர் அல்லர். அவரை அமர்த்தும் நிறுவனம். பணியாளர் வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் புதிய நிறுவனம் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். வேலை போனால் பொதுவாக 60 நாள்களுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். நிரந்தர வசிப்புரிமை அளிக்கும் கிரீன் கார்டு, வேலைவாய்ப்பின் அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 பேருக்கு, குடும்பத்தினரையும் சேர்த்து, வழங்கப்படுகிறது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடைப்பதரிது என்பதால், மக்கள்தொகை மிகுந்த இந்தியாவைச் சேர்ந்தோர் பல பத்தாண்டுகள் வரிசையில் காத்திருக்க நேர்கிறது. அக்காத்திருப்புக் காலம் முழுவதும் பணியாளர் தம்மை அமர்த்திய நிறுவனத்தின் தயவை எதிர்பார்த்தே வாழ்கிறார். ஊதிய உயர்வு கேட்கவும் தவறான நடைமுறையை எதிர்க்கவும் அவர் தயங்குவது இயல்பு.

ஊதிய விதியிலும் ஒரு பலவீனம் உள்ளது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு தொழிலுக்கும் வழக்கத்தில் உள்ள ஊதியத்தை வெளிநாட்டுப் பணியாளருக்கு வழங்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் அது நான்கு படிநிலைகளாக வகுக்கப்பட்டு, கீழ்ப்படி அந்தத் தொழிலின் ஊதிய வரிசையில் அடியிலிருந்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இடத்திலேயே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இதனால் அனுபவம் மிக்க உள்நாட்டுப் பணியாளருக்குப் பதிலாகக் கீழ்ப்படியில் ஒருவரை அமர்த்திச் செலவைக் குறைக்கும் வழி நிறுவனங்களுக்குத் திறந்திருந்தது. தம் இடத்துக்கு வந்த வெளிநாட்டவருக்குத் தாமே பயிற்சி அளித்துவிட்டு வேலையிழக்க நேர்ந்த அமெரிக்கப் பணியாளர்களின் முறையீடுகள் 2015ஆம் ஆண்டளவில் நாடாளுமன்ற விவாதங்கள் வரை சென்றன. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அதற்குக் காரணம் அங்கு வந்த இளைஞர் அல்லர், அவரை மலிவாகவும் வாய்திறவாமலும் வைத்திருக்க அனுமதித்த விதிதான். ஒருவரின் பேரம் பேசும் வலிமையைச் சட்டமே பறித்துவிடும்போது, அவருக்குப் பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவரின் வலிமையும் சேர்ந்தே குறைகிறது.

குலுக்கலும் புத்தாக்கத்துக்கு உதவாத ஏற்பாடு. 2023 வசந்த காலத்தில் 85,000 இடங்களுக்கு ஏறத்தாழ 7.8 லட்சம் பதிவுகள் குவிந்தன. ஒரே நபருக்காகப் பல நிறுவனங்கள் பதிவு செய்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டில் ஒருவருக்கு ஒரே வாய்ப்பு என விதி மாற்றப்பட்டதும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் புதிய மருந்தை ஆராயும் அறிஞருக்கும் வழக்கமான நிரலெழுதும் பணிக்கு அழைக்கப்படுபவருக்கும் நெடுங்காலம் ஒரே அளவான வாய்ப்பையே அம்முறை அளித்துவந்தது.

அனுப்பும் நாட்டின் கணக்கு

திறனாளர்களை இழக்கும் நாட்டுக்கு இது நட்டம் என்ற கருத்து, மூளை வடிகால் என்ற பெயரில் 1960கள் முதல் பேசப்பட்டு வருகிறது. அக்கவலைக்கு அடிப்படை உண்டு. 2010ஆம் ஆண்டின் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் முதல் ஆயிரம் இடங்களைப் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும், முதல் நூறு இடங்களைப் பெற்றவர்களில் 62 விழுக்காட்டினரும் பின்னர் வெளிநாடு சென்றுவிட்டனர் என்று ஓர் ஆய்வு காட்டியது. பொது நிதியில் உருவான கல்வியின் கனியைப் பிற நாடுகள் நுகர்கின்றன என்ற ஆதங்கத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. அமெரிக்க வேலைக்கான நம்பிக்கையில் இந்திய இளைஞர்கள் பெருந்திரளாகக் கணினிக் கல்வியை நாடினர். விசா கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்களே மிகுதி என்பதாலும், சென்றவர்களுள் ஒரு பகுதியினர் ஆறாண்டு முடிந்து திரும்பியதாலும், இந்தியாவின் மென்பொருள் துறைக்குத் தேவையான மனிதவளம் உள்நாட்டிலேயே குவிந்தது என்று கன்னாவும் மொராலஸும் வாதிடுகின்றனர். 2000களின் நடுப்பகுதியில் மென்பொருள் ஏற்றுமதியில் இந்தியா அமெரிக்காவையே விஞ்சியது என்பதை அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர். 2000ஆம் ஆண்டில் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும், பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நெடுஞ்சாலையாக மாறியதும் அந்தப் பெரும் அலையின் பகுதிகளே. அதே சாலையில் மென்பொருள் பொறியாளரின் ஊதியத்துக்கும் அவரது அலுவலகத்தைத் தூய்மை செய்யும் தொழிலாளியின் ஊதியத்துக்கும் இடையிலுள்ள பள்ளம், புத்தாக்கமும் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே வளரும் என்பதற்கு அனுப்பும் நாட்டிலும் சான்றாக விளங்குகிறது.

வாசலை மூடுவதன் விளைவு

2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் வெளியிட்ட அறிவிப்பு, புதிய ஹெச்1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. உள்நாட்டுப் பணியாளரைக் காப்பதே நோக்கம் என்று அரசு கூறியது. ஆனால் விசா வரம்பு 2004இல் சுருங்கியபோது நிகழ்ந்ததைப் பிரிட்டா கிளென்னன் ஆராய்ந்திருக்கிறார்: பன்னாட்டு நிறுவனங்கள் அந்த வேலைகளை அமெரிக்கர்களுக்கு வழங்குவதற்குப் பதிலாகக் கனடா, இந்தியா, சீனா ஆகிய நாடுகளில் தம் கிளைகளை விரிவாக்கின. கனடா 2023 ஜூலையில் அமெரிக்க ஹெச்1பி விசா வைத்திருப்போருக்கு 10,000 திறந்த பணி அனுமதிகளுக்கு விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியபோது அவை இரண்டே நாள்களில் தீர்ந்துபோயின. ஆளைத் தடுத்தால் வேலை ஆள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. அதோடு அந்த ஆளைச் சுற்றி உருவாகும் ஐந்து பிற வேலைகளும் போய்விடுகின்றன. பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொள்ளக்கூடிய கட்டணம், புதுமையைப் படைக்கத் தொடங்கும் சிறு நிறுவனத்தை முதலில் வீழ்த்தும் என்பதும் கருதத் தக்கது.

செய்ய வேண்டுவன

இதுவரை கண்ட சான்றுகளிலிருந்து ஒரு தீர்ப்பை வழங்க இயலும். திறனாளர் குடியேற்றம் ஏற்கும் நாட்டின் அறிவுச் செல்வத்தைப் பெருக்குகிறது என்பதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. அச்செல்வம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை, வந்தவர்களின் பிறந்த நாட்டையோ எண்ணிக்கையையோ விட, சட்டங்களே தீர்மானிக்கின்றன. பணியாளர் விரும்பும் நிறுவனத்துக்குத் தடையின்றி மாறும் உரிமையைப் பெற வேண்டும். ஊதியப் படிநிலையின் அடித்தளம் உயர்த்தப்பட்டு, மலிவுக்காக ஒருவரை அமர்த்தும் தூண்டுதல் நீக்கப்பட வேண்டும். குலுக்கலின் இடத்தில் பணியின் தகுதியும் திறமும் அளவுகோலாக வேண்டும். பிறந்த நாட்டை வைத்து வரிசையை நீட்டும் 7 விழுக்காட்டு விதி, 1965இல் கைவிடப்பட்ட பழைய அநீதியை நினைவூட்டுகிறது என்பதால் அது திருத்தப்பட வேண்டும். நிறுவனங்கள் ஈட்டும் கூடுதல் இலாபத்தின் ஒரு பகுதி, கல்லூரிக்குச் செல்ல இயலாத உள்நாட்டு இளைஞரின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும், வளரும் நகரங்களில் எளியோருக்கான வீடுகளுக்கும் செலவிடப்பட வேண்டும்.

இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இளைஞர்கள் வெளியே செல்வதைத் தடுப்பதில் பயனில்லை. ஆராய்ச்சிக்கு நிதியும் ஆய்வகங்களில் சுதந்திரமும் திரும்பி வருவோருக்கு மதிப்பும் அளிக்கும் நாடே தன் திறனாளர்களின் அறிவை மீட்டுக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, ஐ.டி. நெடுஞ்சாலையின் இரு பக்கங்களிலும் உள்ள அரசுப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளுக்கு அந்த அறிவுச் செல்வத்தில் நுழைவதற்கான தரமான கல்வியைத் தருவது. கல்வி பின்தங்கினால் எந்தப் புத்தாக்கமும் சிலருக்கான செல்வமாகவே சுருங்கிவிடும். கல்வியைப் பரவலாக்கும் பொறுப்பு அரசுகளுடையது, அதை இடைவிடாமல் வலியுறுத்தும் பொறுப்பு குடிமக்களுடையது.